ஆள் இல்லாத பூட்டு

என் அன்பு நைனா,

கேட்கிற அந்த வலக் காதை என் பக்கம் திருப்பிக்கொள். உரக்கச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

சங்கத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த அன்றைக்கே நான் வெளியே வந்துவிட்டேன். இடையில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். கடைசியில் உன்னிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு இப்போதே பயமாக இருப்பதால் முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

நீ பார்த்த கும்மிடிப்பூண்டி இல்லை இது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், நீ ஆடு மேய்வதைப் பார்த்த பொட்டலில், கம்பெனிகள் வரிசையாக வந்துவிட்டன. எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிகளின் வால் சில நாள் எங்கேயோ போய் முடிகிறது. காலையில் சங்கு ஊதினால் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிறது. நம் கடை அப்படியேதான் இருக்கிறது. சைக்கிள் கடைக்காரர் இன்னும் என்னைப் பார்த்து, "பி.ஏ. படிச்ச பொண்ணு அரம் புடிச்சிக்கினு கீதே" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். உன் பார்வை மங்கியபோது பட்டணத்து வேலையை விட்டு வந்து இந்த முக்காலியில் உட்கார்ந்தேன். இன்றுவரை எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பெயர்ப் பலகையும் அதேதான். கறுப்பு எழுத்தில் உன் பெயர். அதற்குக் கீழே, உன் பெயரைவிடப் பெரிதாக, சிவப்பில் 'பூட்டு சாவித் தொழிலாளர் சங்க உறுப்பினர்'. அதைப் பெரிதாக எழுதச் சொன்னது நீதான். பெயிண்டர் சிரித்ததும், நீ சிரிக்காததும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தச் சிவப்பு எழுத்து எனக்குச் செல்லாது என்று நீ கண்ணை மூடிய பிறகுதான் தெரிந்தது. உறுப்பினர் நீ, நான் இல்லை. கம்பெனி கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் சங்கத்தின் பித்தளை வில்லையைக் கேட்கிறான். வில்லை இல்லாதவன் உள்ளே ஒரு மேசை டிராயரைக்கூடத் தொட முடியாது. எங்காவது ஒரு திருட்டு என்றாலும் சங்கத்துக்கு வெளியே சாவி வெட்டுகிறவர்கள் மேல்தான் முதல் சந்தேகம். அதனால் கேட்டேன். கேட்டபோதெல்லாம் சிரித்தார்கள்.

"ராத்திரி எவனாவது வந்து கதவைத் தட்னா போவியா?" என்றார் ஒருவர்.

"அது பி.ஏ. படிச்சிருக்குதுபா. பூட்டுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துத் தொறக்கும்" என்றார் இன்னொருவர்.

தலைவர் யார் தெரியுமா? உன்னை அண்ணாத்த, அண்ணாத்த என்று சுற்றி வந்தாரே, அம்மா வைத்த நண்டுக் குழம்புக்குப் பழவேற்காட்டு நண்டைத் தானே பொறுக்கி எடுத்து வருவாரே, அந்தக் கோதண்டம் சித்தப்பாதான். அவர்கூட அப்போது வாயைத் திறக்கவில்லை.

அப்படிப்பட்டவர் போன மாதம் தானாகவே கடைக்கு வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சரோஜா, சித்தப்பா மேல கோவமா கீறியா? காலம் மாறிப் போச்சும்மா. நம்ப அண்ணாத்த பொண்ணு வெளிய நிக்கிறது எனக்கே பேஜாரா கீது. ஞாயித்துக்கிழம வா. உன்னிய சேத்துக்கிறோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நைனா. ஏன் இப்போது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

கவரைப்பேட்டையில் அரிசி மில்லுக்கு மேலே இருக்கிற அறையில் கூட்டம். எனக்கென்று தனியாக நாற்காலி போட்டிருந்தார்கள். நாஷ்டாவுக்குச் சுடச்சுட வடை. பாடம் சொல்லிக் கொடுத்துத் திறக்கும் என்று சிரித்தவரே எழுந்து எனக்கு டீ எடுத்துக் கொடுத்தார். பிறகு அந்தப் பழைய வழக்கம். பூட்டிய பூட்டு ஒன்றை என் இரண்டு கையிலும் வைத்தார்கள். சங்கம் தொடங்கியபோது நீ எழுதிக் கொடுத்த வாசகத்தைச் சித்தப்பா ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன்.

"ஆள் இல்லாத பூட்டைத் தொட மாட்டேன். திறந்த பூட்டைக் கொண்டியிலிருந்து நான் எடுக்க மாட்டேன். பூட்டுக்கு உடையவர் கைதான் அதை எடுக்கும்."

நீ அப்படித்தானே செய்வாய்? பூட்டு விட்டுக்கொண்டதும் கையை எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாய். வீட்டுக்காரர் பூட்டைக் கழற்றி, மூடியைத் தூக்கி, பார்த்து முடித்துக் கூப்பிடுகிறவரை திரும்ப மாட்டாய். அந்த வாசகத்தை ஒரு சொல் தடுமாறாமல் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். சித்தப்பா தன் கையாலேயே வில்லையை எடுத்துக் கொடுத்தார். அதை என் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டேன்.

கீழே ஒரு கம்பெனி வேன் நின்றிருந்தது. புது உறுப்பினரின் முதல் வேலைக்கு நாலு பேர் கூடப் போவதும் வழக்கம்தான் என்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனி அது. பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்தும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். தினமும் போய்வர முடியாதவர்களுக்குக் கம்பெனிக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள அறை ஒன்று இருக்கிறது. அங்கேதான் எங்களை அழைத்துப் போனார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. சுவர் ஓரமாக டிரங்குப் பெட்டிகள் மட்டும் இருந்தன. பச்சை, ரோஸ், துருப்பிடித்தது, மூடியில் மஞ்சள் குங்குமம் வைத்தது என்று எல்லாவற்றிலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னப் பூட்டுகள்.

மானேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார். "செம்புக் கம்பி காணாமல் போகிறது. பெட்டிகளைப் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிவதற்குள் முடித்துவிடுங்கள்" என்றார்.

"பெட்டிக்காரங்க எங்கே?" என்று கேட்டேன்.

"வேலையில் இருக்கிறார்கள்."

"அப்போ அவங்க வரட்டும். அவங்க முன்னாடி திறக்கிறேன்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். சித்தப்பா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"இன்னாம்மா நீ, வந்ததும் வராததுமா. ரூமு யாருது? கம்பெனிது. ஓனரோட மானேஜரு எதிர்ல நின்னுக்கினு கீறாரு. ஆள் இல்லாத பூட்டு எங்க கீது இங்க?"

"ரூம் கம்பெனியோடது. பெட்டி அவளுங்களோடது, சித்தப்பா."

அவர் குரலைத் தாழ்த்தினார். அன்பாகத்தான் பேசினார். அந்த அன்பு இன்னும் என் தோலில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

"அதுக்குத்தாம்மா உன்னிய இட்டாந்தது. பொம்பளைங்க பொட்டி. நாளைக்கி எவனாவது எகிறிக்கினு வந்தான்னா, ஒரு பொம்பளதான்யா தொறந்தாள்னு சொல்லிக்கலாம். இத்த முடிச்சிக் குடுத்தா கம்பெனி வேலை பூராவும் நம்ப சங்கத்துக்கு. உனுக்கும் கௌரவம்."

மில் மாடியில் தின்ற வடையும், தனி நாற்காலியும், டீயும், கைதட்டலும் எதற்கென்று அப்போது புரிந்தது. இவ்வளவு நாள் பெண் என்பதால் வேண்டாம் என்றவர்களுக்கு இன்று ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டது. அதற்கு உன் வாசகத்தையே என் வாயில் போட்டு அழைத்து வந்திருக்கிறார்கள்.

"நான் தொட மாட்டேன்" என்றேன்.

"நீ தொட வாணாம். சும்மா நில்லு, போதும்" என்றார் சித்தப்பா.

மற்றவர்கள் திறந்தார்கள். கம்பியை விட்டு ஒரு திருப்பு. ஒரு பூட்டின் முகத்தில்கூட கீறல் விழவில்லை. என்னால் தாங்க முடியாதது அதுதான், நைனா. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. கொண்டியிலிருந்து பூட்டை அவர்களே கழற்றினார்கள். மூடியை அவர்களே தூக்கினார்கள்.

உள்ளே என்ன இருக்கும்? ஒரு நல்ல புடவை. சாமி படம். செய்தித்தாளில் சுற்றிய கருவாடு. ஊரில் விட்டுவிட்டு வந்த குழந்தைக்கு வாங்கி வைத்த கவுன். துவைத்துக் காயவைத்து, யார் கண்ணிலும் படாமல் அடியில் மடித்து வைத்த மாதத் துணிகள். அதில் ஒன்றைக் குடை நுனியால் தூக்கி, "இது இன்னாய்யா, கோமணமா?" என்று கேட்டான் ஒருவன். அது என்னவென்று அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அவன் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். அறை முழுக்கச் சிரிப்பு. மானேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. "சீக்கிரம் பாருங்கப்பா, டைம் ஆவுது" என்றார். சிரித்தவன் மோசமா, சிரிக்காமல் டைம் பார்த்தவர் மோசமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

செம்புக் கம்பி ஒரு முழம்கூட அகப்படவில்லை. எல்லாவற்றையும் திணித்து, மூடி, பழையபடியே பூட்டினார்கள்.

"தொறந்த அடையாளமே தெரியாது. அதான் நம்ப சங்கத்துக் கை" என்று மானேஜரிடம் சொன்னார் சித்தப்பா. பெருமையாகச் சொன்னார், நைனா.

நான் வேனில் ஏறவில்லை. வில்லையைக் கழற்றிச் சீட்டின் மேல் வைத்தேன்.

"உங்க நைனா பேரைக் கெடுக்காத, சரோஜா."

"நைனா பேரை நீங்க எடுக்காதீங்க."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "உங்க நைனா மட்டும் இன்னா பெரிய யோக்கியனா? மீஞ்சூர்ல ஒரு மண்டிக்காரன், சம்சாரம் ஊர்ல இல்லாதப்போ அவ பீரோவைத் தொறக்கச் சொன்னான். டப்பு வாங்கிக்கினு தொறந்தவருதான் அண்ணாத்த. நான்தான் விளக்குப் புடிச்சேன். போய்க் கேட்டுப் பாரு."

வேன் போய்விட்டது. யாரிடம் போய்க் கேட்பது?

ஷிப்ட் முடிகிறவரை அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒரு மானம் இருக்கிறதே, நடந்ததை அவர்களிடம் சொல்லாமல் எப்படிப் போவேன்? பெண்கள் கும்பலாக வந்தார்கள். சொன்னேன். முனியம்மா என்ற பெண் சட்டென்று தாலிக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். சாவி அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவி எங்கிட்டதானேக்கா கீது? எப்படித் தொறப்பாங்க?"

பெட்டியைத் திறந்தாள். அடியில் கையை விட்டாள். கையை வெளியே எடுக்காமலே, "நான் இப்டி மடிக்க மாட்டேன்" என்றாள். அதற்கப்புறம் அந்த அறையில் அழுகையும் வசவுமாக இருந்தது. ஒருத்தி நல்ல புடவையைக்கூட வாளியில் போட்டு முக்கினாள். இன்னொருத்தி என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நீயும் இங்கதான் நின்னுக்கினு இருந்தியா?"

"ஆமா."

"நின்னு பாத்துக்கினு இருந்தியா?"

அதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னேன். அவள் காறித் துப்பினாள். என் மேல் இல்லை, பக்கத்து மண்ணில். ஆனால் எனக்காகத்தான் துப்பினாள்.

முனியம்மா மட்டும் கொஞ்ச தூரம் என் கூடவே நடந்து வந்தாள். "எவனாலயும் தொறக்க முடியாத பூட்டு உன் கடையில கீதாக்கா? வேலையைச் செஞ்சி டப்பு குடுத்துடறேன்" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. அப்படி ஒரு பூட்டு இல்லை என்றேன்.

"அப்ப இன்னாத்துக்குப் பூட்டு?"

பூட்டு எதற்கு, நைனா? அந்தச் சின்னப் பூட்டைக் குழந்தைகூட ஆணியால் நெம்பிவிடும். இது வேறொருவருடையது என்று ஊருக்குச் சொல்வதைத் தவிர அதற்கு வேறு என்ன பலம் இருக்கிறது? அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தானே நாம் கடை வைத்திருக்கிறோம்?

சரி. கேட்டுவிடுகிறேன். மீஞ்சூரில் அந்தப் பீரோவை நீ திறந்தாயா? திறந்ததால்தான் பிற்பாடு அந்த வாசகத்தை எழுதினாயா? அல்லது வாசகத்தை எழுதிக் கொடுத்த பிறகும் போய்த் திறந்தாயா? சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாயே, அன்றைக்கும் திரும்பிக்கொண்டாயா? அந்த அம்மாள் ஊரிலிருந்து வந்து தன் துணிகளைத் தொட்டுப் பார்த்திருப்பாளே. அவளிடம் யாராவது போய்ச் சொன்னார்களா?

சித்தப்பா ஆத்திரத்தில் இட்டுக்கட்டியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று மனசு கெஞ்சுகிறது. ஆனால் விளக்குப் பிடித்தேன் என்றாரே, அது இட்டுக்கட்டுகிறவன் சொல்கிற விவரமாகத் தெரியவில்லை.

கம்பெனி கேட் எனக்கு இனித் திறக்காது. வீட்டுப் பூட்டும் சைக்கிள் பூட்டும் வருகின்றன. அதை வைத்துச் சமாளித்துக்கொள்வேன். முனியம்மா போன வாரம் வந்து ஒரு பூட்டு வாங்கிப் போனாள். திறக்க முடியாத பூட்டு இல்லையென்று தெரிந்தேதான் வாங்கினாள்.

நாளைக்குப் பெயிண்டரைக் கூப்பிடப் போவதில்லை. நானே ஏணி வைத்து ஏறி, அந்தச் சிவப்பு வரியை ஒரு எழுத்து விடாமல் சுரண்டி எடுக்கப் போகிறேன். உன் பெயரைத் தொட மாட்டேன். பதில் எதுவாக இருந்தாலும் அது அங்கேயே இருக்கும். அதன் கீழே உட்கார்ந்திருப்பவள் நான்.

ஆள் இல்லாத பூட்டைத் தொட மாட்டேன், நைனா. அன்றைக்கு மில் மாடியில் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. இப்போது உன்னிடம் சொல்கிறேன். இனி என் எதிரில் ஒருவன் தொட்டால், சும்மாவும் நிற்க மாட்டேன்.

உன் முக்காலியில் உட்கார்ந்திருக்கும்
உன் மூத்த மகள்
சரோஜா