பேர் கீறிய தகடு

அண்ணா,

உன் டிராக்டரின் ஸ்பேனர் பெட்டியை இன்றைக்குத்தான் திறந்தேன். நீ போய் ஒன்பது மாதமாகியும் மனசு வரவில்லை. கிரீஸ் துணிக்குள் அந்தச் செப்புத் தகட்டைச் சுருட்டி வைத்திருந்தாய். பார்த்ததும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. போட்டோவில் அவள் இடது கண் மட்டும் பூனைக்கண்ணாக வெளுத்திருந்ததை முதலில் பார்த்தவன் நீ. சென்னை டாக்டரம்மா, கண்ணுக்குள் புற்றுக்கட்டி என்றார். "சின்னக் கட்டி, ஓரமா இருக்கு. தகடு வச்சுத் தைச்சா கண்ணைக் காப்பாத்தப் பார்க்கலாம். விட்டா கண்ணையே எடுக்க வேண்டி வரும்" என்று திங்கட்கிழமை வரச் சொன்னார்.

நமக்குத் தெரிந்த தகடு ஒன்றுதானே! நீ கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினாய். மந்திரிக்கிறவரிடம் வாங்கிய தகட்டைத் திங்கட்கிழமை டாக்டரம்மா மேசைமேல் வைத்தாய்.

"இத்தையே வச்சுத் தெச்சுடுங்கம்மா. வேற கொயந்த தகட்டோட மாறிடக் கூடாதுன்னு ஆணியால பேரு கீறிக்கினு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இன்றும் கும்பிடுகிறேன். சட்டைப் பொத்தான் அளவில் தங்கள் தகட்டின் மாதிரி ஒன்றைக் காட்டினார். "இதுல மந்திரம் இல்லீங்க. கட்டிக்குப் பக்கத்துலயே இருந்து கதிர் வீசும். மத்த இடத்துக்குக் கம்மியாத்தான் போகும். சில நாள்ல எடுத்துடுவோம்."

"எடுத்துடுவீங்களா? அப்ப சரிங்க" என்று உன்னுடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

நான் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. கதிர் ஆகாது என்று, தகடு இருந்தவரை என்னை அறைக்குள் விடவில்லை. கரும்பு வெட்டு நேரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு வந்த நீதான், அவர்கள் சொன்ன தூரத்தில் நாற்காலி போட்டு, மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு லோடு அடிக்கிற கதையெல்லாம் அவளுக்குச் சொன்னாய். கதவுக்கு வெளியே நின்று நானும் கேட்டேன். பெற்றவள் நான், பக்கத்தில் இருந்தவன் நீ.

கண் பிழைத்தது உனக்குத் தெரியும். இன்றைக்கு நடந்தது தெரியாது. கண்ணாடி போட்டும் எனக்கு அந்தக் கீறல் பிடிபடவில்லை. காலேஜ் விட்டு வந்தவள் வாங்கி, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"கயல்வியி! யம்மா, மாமா ழ-வுக்கு ய போட்டு வச்சிருக்குது."

வாழ்நாளெல்லாம் கூப்பிட்டபடியே எழுதியிருக்கிறாய். தகட்டைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டபோது என் வாயிலும் "கயல்வியி" என்றே வந்தது.

"இன்னா மாமா?" என்று திரும்பினாள்.