மூடிவைத்த சோறு

மாம்புரி
05.04.2025

என் மச்சானுக்கு ஸலாம்.

நோன்புப் பெருநாள் ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. போனில் கதைக்கப் போனால் மாமி பக்கத்தை விட்டு விலகமாட்டார். அதனால் இதை, லீவு முடிந்து அங்கே திரும்புகிற நௌஃபர் நானா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் உம்மா செய்திருக்கிற வேலையைக் கேளுங்கள். நோன்பு மாதத்தில் எனக்கு மாதவிலக்கு வந்து நோன்பும் தொழுகையும் இல்லாத நாட்களில் அடுக்களையில் ஒருவருக்கும் தெரியாமல் சோறு மூடிவைப்பாரே, இந்த முறை அது தொடாமலே கிடந்தது. நான் ஒரு நோன்பும் விடவில்லை, ஒரு தொழுகையும் விடவில்லை. பிள்ளை தங்கிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். கிணற்றில் தண்ணீர் அள்ளவும் விடுகிறாரில்லை. அந்த முழங்கால் நோவோடு தானே அள்ளுகிறார்.

நோன்புக்கு முன் நீங்கள் லீவு முடிந்து போகமுதல் டொக்டர் எனக்குப் போட்ட ஊசியால்தான் மாதவிலக்கு நின்றது. அது நோவை அடக்க மட்டும்தான், இரண்டு சினைப்பையும் பழுது, பிள்ளைக்கு வழியில்லை என்று டொக்டர் சொன்னபோது நீங்களும்தானே இருந்தீர்கள்? மாமிக்கு இடுப்பு நாரிநோவுக்குப் போட்ட ஊசி என்றுதான் தெரியும். மகன் நீங்கள் சொல்லுங்கள். எனக்கு நாக்கு எழும்புதில்லை.

உங்கள் ஹஃபீலா

தோஹா
20.04.2025

ஹஃபீலாவுக்கு,

வாப்பா மௌத்தான பிறகு உம்மா சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். என்னால் முடியாது. ஊசியின் வேகம் குறைந்தால் மாதவிலக்கு திரும்ப வரும்தானே. அப்போது கலைந்துவிட்டது என்று சொல்லிவிடு. உனக்கும் குறையில்லை, உம்மாவுக்கும் ஆறுதல். கோபிக்காதே.

முபாறக்

மாம்புரி
06.06.2025

மச்சானுக்கு,

முந்தாநாள் திரும்ப வந்துவிட்டது, நோவும் கூடவே. சுபஹுக்கு நான் தொழுகைப் பாயை விரிக்கவில்லை. மாமி பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் சொல்லித்தந்த பொய்யைச் சொல்லத் தேவையே வரவில்லை. தன் கட்டிலில் என்னைப் படுக்கவைத்து, கோழிச்சாறு காய்ச்சித் தந்து, அழுதார். இல்லாத பிள்ளைக்கு நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

பின்னேரம் உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒருக்கா தங்கினது இனியும் தங்கும் மகள். முபாறக்கை லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு மிச்சச் சாற்றைக் குடித்தேன். சாகவேண்டிய ஆசைக்கு நாங்கள் இரண்டு பேருமாக உயிர் கொடுத்துவிட்டோம்.

டொக்டர் அடுத்த ஊசிக்கு வரச் சொன்னார். போகமாட்டேன். போட்டால் மறுபடி எல்லா நாளும் தொழுவேன், மாமி மறுபடி பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் வந்துபோனால் பிள்ளை என்பார், வராவிட்டால் ஏன் நின்றது என்பார். நோவோடேயே இருந்துவிட்டுப் போகிறேன்.

இன்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள், அறபா நோன்பு. மாமி தான் நோன்பிருந்துகொண்டு எனக்கு அடுக்களையில் சோறு மூடிவைத்திருந்தார். அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வரவேண்டாம்.

ஹஃபீலா