ஊர்வனக் கண்காட்சியில் உன் மேசை

இன்று காலை பெட்டிகளைக் கழுவிக் காயவைத்துவிட்டு, புதிதாய் நிரப்பத் தேங்காய்த் தும்புக் கட்டியை வெந்நீரில் ஊறப்போட்டேன். அது பொருமி விரிய, ஈர மட்டை மணம் வீடு முழுக்கப் பரவியது. "யன்னலைத் திறவடி, சமையலறை பாம்புக் கூடு மாதிரி மணக்குது" என்று நீ கத்துவாய் என்று ஒரு கணம் காத்திருந்தேன். நீ போனபின் வந்த முதல் ஊர்வனக் கண்காட்சி நேற்று முடிந்தது. அதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

தோழிகள் நாம் இருவரும் விரும்பி இதற்குள் வந்தவர்கள் இல்லை. நம் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கினார்கள், பிறகு பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். என் தலையில் ஒரு பல்லி, உன் தலையில் ஒரு வெங்கிணாந்தி மலைப்பாம்பு. "பல்லி சொன்னா பலன் பாக்கிற ஆக்கள் நாங்கள், இப்ப பல்லிக்குப் புழு வாங்க மில்லிக்கன் பக்கம் முழுக்கக் கார் ஓடுறம்" என்று சிரித்தாய். பிறகு வாசிக்கத் தொடங்கினாய். வாசித்தால் சும்மா இருக்கிறவளா நீ? மற்றவர்கள் கைவிட்ட பாம்புகளையும் பல்லிகளையும் எடுத்துத் தேற்றி, நல்ல வீடுகளுக்குக் கொடுப்பதற்கென்று கனடாவின் மார்க்கம் நகரில் நடக்கும் கண்காட்சியில் ஒரு மேசை எடுத்தாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

உன் மேசைக்குத் தனிச் சட்டம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒளிந்துகொள்ள இடம், குடிக்கத் தண்ணீர், ஓரத்தில் வெப்பமானி. படம் எடுப்பதற்காகக் கைக்குக் கை மாற்ற விடமாட்டாய். குளிர்காலத்தில் யாராவது பல்லியோடு புறப்பட்டால் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொள்வாய். "முதல் காரைச் சூடாக்கிப்போட்டு வாங்கோ. பிறகு தாறன்." கார் தூரத்தில் நிற்கிறது என்று முறைத்த ஒருவரிடம், "அப்ப உங்கட ஜக்கெட்டைக் கழட்டிப்போட்டு ஒருக்கா நடந்து பாருங்கோவன்" என்றாய். அவர் பல்லியே வேண்டாமென்று போய்விட்டார். எனக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. நீயோ கையைக் கழுவிவிட்டு வடைப் பொட்டலத்தைப் பிரித்தாய்.

யூனியன்வில்லிலிருந்து வந்த அந்த அன்ரியை நினைக்கிறாயா? நாகதம்பிரானுக்கு நேர்த்தி என்று பாலும் பித்தளைக் கிண்ணமும் கொண்டுவந்து, உன் வெங்கிணாந்தியின் முன் கண்மூடி நின்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! நீ சிரிக்கவில்லை.

"அன்ரி, பால் உதுக்கு ஒத்துவராது. தண்ணி வைச்சிருக்கிறன். நேர்த்திக்கு வேற ஒண்டு செய்யுங்கோ. இதில இருந்து, ஆரும் பெட்டியில தட்டாமல் பாருங்கோ."

கதிரையை இழுத்துப் போட்டாய். அன்ரி சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவர்தான், பின்னேரம் வரை எழும்பவில்லை. "தட்டாதேங்கோ! அவர் நித்திரை!" சின்னப் பிள்ளைகளை விடு, கண்காட்சி நடத்துபவரே ஓர் அடி தள்ளி நின்றார். "பயபக்தி இருந்தா அரைவாசிச் சட்டம் தேவையில்லையடி" என்று என் காதுக்குள் சொன்னாய்.

என் குணம் உனக்குத் தெரியும். யாராவது முகம் சுளித்தால் எனக்குச் சோறு இறங்காது. மறுக்கவேண்டிய இடத்திலெல்லாம் "அவவிட்டக் கேளுங்கோ" என்று உன்னைக் கைகாட்டித் தப்பினேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னை அரித்த பயமும் அதுதான். நீ போனால் உன் சட்டமும் உன்னோடு போய்விடும், அதைக் காப்பாற்றும் தைரியம் எனக்கு இல்லை என்று நம்பினேன்.

கதவு திறக்குமுன் எல்லா மேசைகளையும் பார்த்து, விலங்குகள் சரியாக இருக்கின்றனவா என்று சொல்லும் பொறுப்பை உன் தொல்லை தாங்காமல் உனக்கே தந்தார்கள் அல்லவா, அதை இம்முறை என்னிடம் தந்தார்கள். சாமான் இறக்கும் கதவோரம் நம்மவர் ஒருவரின் பெரிய மேசை. பச்சோந்திக் குஞ்சுகளைச் சாப்பாட்டு டப்பாக்களுக்குள் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தார். பிடித்துக்கொள்ள ஒரு கொப்பு இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. குஞ்சுகள் கறுத்துப்போய், பட்டப்பகலில் கண்ணை மூடிக் கிடந்தன. பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் அது தூக்கம் இல்லை, சுகமில்லை என்று அர்த்தம்.

"அக்கா, ஒரு நாள்தானே. பின்னேரம் வீட்டை கொண்டுபோயிடுவன்" என்றார்.

வெளியே சனம் வரிசையில் நின்றது. நடத்துபவர் என் முகத்தைப் பார்த்தார். பழக்கத்தில் நான் உன் பக்கம் திரும்பினேன். நீ இல்லை. அழுகை வந்தது. அதற்குமேல் கோபம் வந்தது. கோபம்தான் கைகொடுத்தது.

"அந்த ஒரு நாள் உதுகளுக்குச் சின்ன நாள் இல்லை. இண்டைக்கு உதுகள் மேசைக்கு வராது. பின்னறையில ஹீற்றர் இருக்கு. தூக்குங்கோ, நானும் வாறன்."

"ஆர் போட்ட சட்டம் இது? கவண்மென்ற்றா?"

"நான் போட்டது."

சொல்லிவிட்டு மேலிருந்த டப்பாவை நான் எடுத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். டப்பாக்களை விட்டு எடுத்து, கொப்புகளில் ஏற்றி, தண்ணீர் தெளித்தோம். இரண்டு குஞ்சுகள் தேறவில்லை. மற்றவை மத்தியானத்துக்குப்பின் கண் திறந்தன. "அக்கா, இது தண்ணி குடிக்குது!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியதும் அவர்தான்.

போகும்போது வாசலில் தயங்கி நின்றார். "அடுத்தமுறை கொண்டு வரமுன்னம் உங்களுக்கு ஒருக்கா போன் அடிக்கட்டோ? எப்பிடி வைக்கிறதெண்டு கேக்க."

என் நம்பரைக் கொடுத்தேன். உனக்கு வந்திருக்கவேண்டிய அழைப்பு அது. நீ இல்லாதது இன்னும் வலிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பயம் போய்விட்டது. அவர் எப்போது அடித்தாலும் எடுப்பேன்.