உன் கையெழுத்தை அழிக்க வந்தவர்

மச்சான்,

இன்று காலை படத்தைச் சுற்றியிருந்த உன் பழைய வேட்டியை அவிழ்த்தேன். பீடி வாசனை குப்பென்று வந்தது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வாசனைக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஒல்லாந்தர் கல்லறையைப் பார்க்க வந்த வெள்ளைக்கார ஓவியரை நினைவிருக்கிறதா? அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் நம் கோட்டையில் பெரிய தளபதி என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். அவர் வாயே திறக்கவில்லை என்பது வேறு விஷயம். நம் நாலு பேர் பங்குப் படகில் ஏரி முழுக்கச் சுற்றிவிட்டுப் போனார். பிறகு தபாலில் இந்தப் படம் வந்தது. கல்லில் வரைந்து, மை தடவி, தாளில் அச்செடுத்தது. கீழே பென்சிலில் அவர் கையெழுத்து. படகு மூன்றே கோடு. முனையில் நின்ற நீ ஒரு கறுப்புத் திட்டு.

"என் மூக்கு எங்கடா?"ன்னு கேட்டாய். நவீன ஓவியத்தில் மூக்கு உள்ளே இருக்கும் என்று விளக்கினேன். எட்டாவதோடு நின்றவன் சொன்னதுதான், ஆனாலும் இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

ஏரியில் வலை போடும் இடத்தை முறைவைத்துப் பிரிக்கிற பாடு இருக்கிறதே, அதையே படத்துக்கும் வைத்தோம். ஆளுக்கு ஒரு பருவம். உப்புக்காற்று அடிக்கிற சுவரில் மாட்டக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது, ஈரத்துணி படவே கூடாது. முதல் பாடு உனக்கு. சீட்டில் பாடு விழுந்தால் ஊர் நோட்டில் கையெழுத்துப் போடுவதுதானே வழக்கம் என்று, படத்தின் வெள்ளை ஓரத்தில், ஓவியர் பேருக்குப் பக்கத்திலேயே, பென்சிலை அழுத்தி உன் பேரை எழுதிவிட்டாய். "படகு நம்மளுது. அந்தாளு மட்டும் போட்டா எப்டி?"

போன வாரம் சென்னையிலிருந்து மதிப்பிடுகிறவர் ஒருவர் வந்தார். மற்ற இரண்டு கூட்டாளிகளும் விற்கிற நினைப்பில் அழைத்தவர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மை பொடிப்பொடியாய்ப் பதிந்த விதத்தைப் பார்த்தால் கல் அச்சுதான், ஓவியர் கையெழுத்து அசல், ஈரப்புள்ளிகள் கொஞ்சம், பரவாயில்லை என்றார். பிறகு உன் பேரில் வந்து நின்றார். இந்தக் கிறுக்கல்தான் மதிப்பைக் கெடுக்கிறது, கைதேர்ந்தவர்களிடம் கொடுத்தால் தடம் தெரியாமல் அழித்துவிடலாம் என்றார். கூட்டாளிகள் தலையாட்டினார்கள். ஐரோப்பாவில் எல்லா அருங்காட்சியகத்திலும் படகுக்காரர் கையெழுத்தும் இருக்கும் என்று நான் எடுத்துவிட்டேன். அவர் நம்பவில்லை.

என் பாடு முடிந்து அடுத்தது உன் பாடு. அதனால் உன் மனைவியான என் தங்கச்சியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "சார், மொதல்ல அந்த வெள்ளக்காரரு பேர அயிச்சுக் காட்டுங்க. அப்பால எங்க ஊட்டுக்காரரு பேருகிட்ட வாங்க."

அவர் கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

போனபிறகு கூட்டாளிகள், செத்தவன் பாடு மனைவிக்குப் போகாது, ஊர்வழக்கம் அப்படி என்று முணுமுணுத்தார்கள். அது தண்ணீருக்கு உள்ள வழக்கம், சுவருக்கு யார் வைத்தது என்று கேட்டேன். பேர் இருக்கிறவரை அவன் பாடும் இருக்கும் என்றேன். அதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டாளிகள் விற்கிற பேச்சை விட்டுவிட்டு வலை உலர்த்தப் போனார்கள்.

இன்று மறுபடி துணியைச் சுற்றி, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன். உன் பாடு வரும்போதெல்லாம் இதைச் சுமக்கப் போகிறவன் நான்தான். வழியில் இன்னா அதுன்னு கேட்டவர்களுக்கெல்லாம் நின்று சொன்னேன்:

"எங்க மச்சான் கையெழுத்துப் போட்ட படம். பக்கத்துல ஒரு வெள்ளக்காரரும் போட்டிருக்காரு."