நாரையின் கால் வளையம்

ஷார்ஜா, 12-2-2006

அன்புத் தங்கை உமாராணிக்கு அண்ணன் வைரவன் எழுதுவது. இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். மாப்பிள்ளையும் குட்டி மருமகனும் சுகந்தானே?

மருமகன் அரைஞாணில் கோக்க, ஷேக் தந்ததென்று அனுப்பினேனே, அந்த வளையம் வெள்ளி இல்லையம்மா. எங்கள் பறவைக் காப்பகத்தில் செத்துக் கிடந்த நாரையின் காலிலிருந்து கழற்றியது. ஐரோப்பாவில் இரண்டு நாட்டுக் காப்பகங்கள் பறவை எங்கே போகிறதென்று அறியக் கூட்டாக மாட்டியதாம். நேற்று அந்த ஆட்களே வந்து, வளையத்தில் பொறித்த எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நான்தான் நெஞ்சை நிமிர்த்தி, "மேரே பாஸ் ஹை, சாப்!" என்று, என்னிடம் இருப்பதை இந்தியிலேயே சொன்னேன். வெள்ளைக்காரர் கை குலுக்கினார். மேனேஜர் மட்டும் காதருகே வந்து, "பதினைந்து நாள், வைரவன். வளையம் மாஃபி, விசா மாஃபி" என்றார். மாஃபி என்றால் இங்கே இல்லை என்று அர்த்தம். பயப்படாதே, அவருக்கு என்மேல் உயிர்.

இதைக் கொண்டுவரும் வீரபாண்டி பத்து நாளில் திரும்புகிறான். வளையத்தை அவன் கையிலேயே கொடு. புளி போட்டுத் துலக்காதே, எண் அழிந்துவிடும். மருமகன் படமும் ஒன்று வை, நான் இன்னும் அவன் முகம் பார்க்கவில்லை.

வீரபாண்டி வண்டியில் ஏறிவிட்டான். வளையம் வந்து சேர்ந்தால் ஆடியில் லீவில் வருவேன். சேராவிட்டால் அதற்கு முன்பே வந்துவிடுவேன்.

அண்ணன்
வைரவன்