கிளாரினெட்டுக்கு அப்பா கொடுத்த பதில்

போடிநாயக்கனூர்,
ஆவணி 12.

அன்பு மகள் சுசித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், அவர் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், சொல்ல வந்தது நின்றுபோகிறது, அதனால் எழுதுகிறேன், உன் சித்தப்பா விஜயபாண்டி இதைப் படம் எடுத்து அனுப்புவான்.

லிஸ்பன் கச்சேரியை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை ஆத்தா. முதலில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். அப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் பேச்சும் போய் மூன்று மாதமாகிறது. இருபத்தெட்டு வருஷம் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டி ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போனவர், வழியெல்லாம் பேசிக்கொண்டே போகிற மனுஷன், இப்போது பசித்தால்கூடச் சொல்ல முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அன்றைக்கு மதியம் வந்த விஜயபாண்டி, நீ தனியாக வாசித்து அனுப்பியிருந்ததைப் போனில் போட்டான். எழுதிவைக்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது என்பாயே, அதுதான். முதலில் வெறும் மூச்சு, பிறகு கிளாரினெட் ஒரு கத்துக் கத்தியது, பிறகு ஒன்றுமே இல்லை. “என்னாண்ணே இது, ஜீப்பு ஏத்தத்துல தெணர்ற மாதிரி இருக்கு” என்று அவன் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது, நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அப்பாவின் இடது கை மெத்தைமேல் கியர் மாற்றுவதுபோல அசைந்தது. நீ நிறுத்தியிருந்த இடத்தில் “ம்ம்ஆ” என்று ஒரு சத்தம் கொடுத்தார். நீ மறுபடி ஊதினாய், அவர் காத்திருந்தார், நீ ஓய்ந்ததும் இன்னும் நீளமாகக் கொடுத்தார். “மதினி, அண்ணே பதில் சொல்றாரு மதினி” என்று விஜயபாண்டி அழுதுவிட்டான்.

தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் சொன்னேன். “சத்தம் வந்தது நல்லதும்மா, வார்த்தை வரும்னு இப்பவே சொல்ல முடியாது, தெனமும் போடுங்க” என்றார்கள். தினமும் போடுகிறோம். உன்னோடு வாசிக்கிற இரண்டு பேரும் நீயும் சேர்ந்து வாசித்ததைப் போட்டால் மட்டும் அவர் சத்தம் கொடுப்பதில்லை, நடுவில் புக இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நேற்று “சு” என்றார். உன் பெயர்தான் என்று ஓடிப்போய் உன் படத்தைக் காட்டினேன், அவர் சுடுதண்ணீர்ச் செம்பைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார்.

இன்னொன்று. போன வருஷம் மதுரையில் நீ வாசித்தபோது பாதியில் எழுந்துபோய்த் தலைவலி என்றேன். தலைவலி இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்குத் தாங்கவில்லை, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் உன்னை விட்டுவிட்டுப் போனேன். காலி நாற்காலியை நீ மேடையிலிருந்து பார்த்திருப்பாய். அம்மாவை மன்னித்துவிடு.

உன் வாசிப்புக்குத்தான் அப்பா பதில் சொல்கிறார், அதனால் அதை விட்டுவிட்டு இப்போது வராதே. கச்சேரியை முடித்துவிட்டு வா. கச்சேரி அன்றைக்குப் போனில் நேராகக் காட்டு, இங்கே எந்நேரமானாலும் நாங்கள் இரண்டு பேரும் கேட்போம், முடியும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். பரமசிவன் உனக்கு நல்ல மூச்சையும் நல்ல துணையையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நடுவில் நிறுத்துகிற இடத்தைக் கொஞ்சம் நீட்டி விடு, அப்பாவுக்கு மூச்சு எடுக்க நேரம் வேண்டும்.

உன் அம்மா,
சந்திரவல்லி முத்துப்பாண்டி