சட்டைப் பையில் மூன்று நாள் இருந்த படிவம்

ஜமுனாமரத்தூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் காவியாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த ம்யூனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில்தான் முதலில் சளி பிடிக்கும். போனில் பேசாம இன்னாத்துக்கு இவ்ளோ எழுதிக்கினு இருக்க என்று உன் அம்மா கேட்கிறாள். போன் என்றால் நான் பாதியில் கோபப்பட்டு வைத்துவிடுவேன், உனக்கே தெரியும். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பத்து நாளாக மலையில் ஒரே மழை, சாமை அறுக்கிற நேரம் பார்த்து ஊற்றுகிறது, சனங்கள் தவிக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆலங்காயத்து டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

நீ மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் வயலின் கிளாஸுக்குப் போகிறாயாமே. அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாய், எனக்குச் சொல்லவில்லை. அதுவும் அவள் வாய் தவறிச் சொன்னதால்தான் தெரிந்தது. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். இருபத்தொன்பது வயதில் என் மகளுக்கு வில்லைப் பிடிக்கக் கற்றுக் கொடுக்கிற அந்த வெள்ளைக்காரக் கிழவர் யாரோ, அவர் உன் கையைப் பிடித்துத் திருத்துவாராம், நீ அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாயாம். நான் கணக்கைத் திருத்தியபோது நீ ஒரு நாளாவது சிரித்திருக்கிறாயா? அவர் நல்லவராகத்தான் இருப்பார். இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த எரிச்சலுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இன்னொன்று. ஜூன் மாதம் பாட்டு டீச்சர் ஒருத்தி வந்திருக்கிறாள், சிவசங்கரி என்று பெயர், வாரத்தில் மூன்று நாள் போளூரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள், உன்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் பாட்டு பீரியட் என்றால் அது என் பீரியட்தான். வருகிற பாட்டு டீச்சர் ஒரு வருடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள், அட்டவணையில் பாட்டு என்று இருக்கும், நான் சாக்பீஸோடு போய் நிற்பேன், பிள்ளைகள் உஸ்ஸென்று உட்காருவார்கள். இப்போது அந்த பீரியட் எனக்கு இல்லை. போகட்டும் என்று விடலாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கிளாஸ், இந்தப் பக்கம் நான். நான் தேற்றத்தை நிரூபித்துக்கொண்டிருக்கிறேன், என் பிள்ளைகளின் கால்கள் எல்லாம் பெஞ்சுக்கு அடியில் அந்தப் பக்கத்துத் தாளத்துக்கு ஆடுகின்றன. அதட்டலாம் என்று குனிந்து பார்த்தால் என் காலும் ஆடுகிறது. அந்த ஆத்திரத்தில் டஸ்டரை வீசினேன், நல்லவேளை யார் மேலும் படவில்லை.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இன்னும் மோசம். அறுப்புக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், அது மலை வழக்கம். இந்த வருடம் அவள் வருகிற நாளில் மட்டும் கிளாஸ் நிரம்பியிருக்கிறது, மறுநாள் ஓட்டை. அவளுக்கு ஒரு பையன் தேன் கொண்டுவந்து கொடுத்தான், ஒருத்தி பலாக்கொட்டை அவித்துக் கொண்டுவந்தாள். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நெல்லிக்காய் தந்தவர்கள் உண்டா? ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டுவிட்டேன், பத்தாவது போனால் பரீட்சையில் உங்கள் பாட்டுக்கு மார்க் உண்டா, இதனால் இன்ன பிரயோசனம் என்று சொல்லுங்கள் பார்ப்போம், தாளம் போட்டால் கணக்காவது நன்றாக வருமா என்று. கணக்குக்கு உதவும் என்று சொல்லியிருந்தால் நான் சமாதானமாகியிருப்பேன். அவள், கணக்கு வரும்னு நான் பாட்டு கத்துத் தர்லீங்க சார், பாட்டு வரட்டும்னுதான் கத்துத் தர்றேன் என்றாள். பிறகு யோசித்து, பத்துப் பேரு சேர்ந்து பாடணும்னா பக்கத்துல இருக்கிறவங்க குரலு காதுல உழணும் சார், இந்த வயசுல புள்ளைங்களுக்கு அடுத்தவங்களக் கேக்கிற பழக்கத்த வேற எந்தப் பாடத்துல குடுக்கிறது என்றாள். என் கிளாஸில் நாற்பது பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாதது அவளுக்குத் தோன்றிவிட்டதே என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

இனிமேல் சொல்வதைப் பொறுமையாகப் படி. ஒன்பதாவதில் செல்லி என்று ஒரு பெண், மேல் ஊரிலிருந்து வருகிறாள், இரண்டு வருடமாக என் வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. மாவட்டப் பாட்டுப் போட்டிக்கு சிவசங்கரி எடுத்த குழுவில் முன்வரிசைக் குரல் அவள்தானாம். அனுமதிப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து, அதற்குக் கீழே வகுப்பாசிரியர் கையெழுத்து, வகுப்பாசிரியர் நான். செல்லி தகப்பன் கையெழுத்தோடு படிவத்தை என்னிடம் நீட்டினாள், போட்டுத் தருகிறேன் போ என்று வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். போட்டி நாளில் எனக்கு ரிவிஷன் டெஸ்ட் இருந்தது என்பது சாக்கு. போடக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். மூன்று நாள் சட்டை மாற்றும்போதெல்லாம் படிவத்தையும் மாற்றி வைத்தேன். தலைமையாசிரியர் கோபால்சாமி, ஒன்பதாவதுல ஒரு படிவம் வரலையே இன்னா சார் ஆச்சு என்று கேட்டதும், தகப்பன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

அவர் அதை நம்பி செல்லியின் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் அந்த மனிதர், வெற்றிவேல் என்று பெயர், சாமை அறுப்பை விட்டுவிட்டு மழையில் ஜீப் பிடித்து வந்து என் கிளாஸ் வாசலில் நிற்கிறார், கால் முழுக்கச் சேறு, செருப்பைக் கையில் பிடித்திருக்கிறார். நான் ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர், சார் நான் போட்ட கையெழுத்து சரியா உழலீங்களா, வூட்டுல பழைய நோட்டுல நாலு தபா எழுதிப் பார்த்துட்டுத்தாங்க போட்டேன், வேணும்னா மறுக்கா போட்டுத் தர்றேன் என்றார். பேனாவும் கொண்டுவந்திருந்தார். சிவசங்கரி பக்கத்து அறை வாசலில் நின்றிருந்தாள். பள்ளிக்கு வரும்போது மழையில் நனைந்த என் வெள்ளைச் சட்டையில் பைக்குள் இருந்த காகிதம் வெளியே தெரிந்தது, அவள் அதைப் பார்த்தாள். நான் படிவத்தை எடுத்துப் பிரித்து, உங்கள் கையெழுத்து சரியாகத்தான் இருக்கிறது, தப்பு என்னுடையது, வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்துவிட்டேன் என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லி, அவர் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் திட்டவில்லை, அப்பாடா என்று சொல்லிவிட்டு அறுப்புக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

நேற்று போட்டிக்குத் திருவண்ணாமலை போய் வந்தார்கள், பரிசு எதுவும் இல்லை. இன்று காலையில் செல்லியைக் கூப்பிட்டு வருத்தமா என்று கேட்டேன். இல்லீங்க சார், அங்க பாடும்போது எனக்குப் பின்னாடி நின்னவங்க குரலு ஒவ்வொண்ணும் தனித்தனியா கேட்டுச்சு சார் என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அதைக் கேட்ட பிறகு என்னால் உன்னிடம் மறைத்து வைக்க முடியவில்லை. நீ ஒன்பதாவது படித்தபோது ஒரு வருடம் மட்டும் பாட்டு டீச்சர் இருந்தாரே, அவர் சொல்லிக் கொடுத்த பாட்டையே வீட்டில் எந்நேரமும் பாடிக்கொண்டு திரிவாய். நான் சொல்லிக் கொடுத்த கணக்கை நீ வீட்டில் எடுத்ததே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வருடப் பாட்டுப் போட்டிப் பட்டியல் வந்த அன்று சாயங்காலம், அதில் உன் பெயர் வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். நீ அழவில்லை, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். என் பெண்ணுக்கு எவ்வளவு திடமான மனசு என்று எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் நீ வீட்டில் பாடவில்லை என்பதை நான் கவனிக்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

அம்மாவுக்கு இது தெரியாது, நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன், திட்டு வாங்கிக்கொள்கிறேன். நீ கோபப்பட்டால் கோபமாகவே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நாளைக்குச் சனிக்கிழமை, எந்த வேலை வந்தாலும் கிளாஸை விட்டுவிடாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று இந்த மலையிலிருந்து உன் அப்பனும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

அந்தப் பட்டியலில் முதல் பெயரே உன்னுடையதுதான் காவியா.

உன் அப்பா,
அருணகிரி